பேப்பர் போட்டாச்சா?

கோலம் போடுகிறோம், கடிதம் போடுகிறோம், மனுப் போடுகிறோம். கல்லூரிகளில் ஆய்வுக் கட்டுரையையும் போடத்தான் செய்கிறோம். ‘பேப்பர் போட்டாச்சா?’ என்பது எங்கள் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு வேளையின் வழக்கமான விசாரிப்பு. பணி உயர்வுப் படிவம் நிரப்பும் காலத்தில் அது சற்றுப் பதற்றத்தோடு கேட்கப்படும். நான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த 1999இல் பேப்பர் போடுவது கடிதம் போடுவதைப் போல இருந்தது. மறுமுனையில் அதைப் பிரித்துப் படிக்க யாரோ ஒருவர் இருந்தார். பிடிக்காவிட்டால் திட்டியாவது பதில் எழுதுவார். இன்று அது மனுப் போடுவதைப் போல ஆகிவிட்டது. மறுமுனையில் இருக்கும் அலுவலகம் அதைப் படிப்பதில்லை. வரிசை எண் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறது.

நான் மேற்குத் தமிழகத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். இந்த மாற்றத்தைக் கரையில் நின்று பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய்ப்பில்லை. இதில் நனைந்திருக்கிறேன், ஆதாயமும் அடைந்திருக்கிறேன். என் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஓர் ஊரின் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சமூக அறிவியலாளர்கள் எப்படி வெளியிட்டார்கள் என்பதை அந்த ஊரை வைத்தே நூறாண்டுகளுக்கு அளந்துவிடலாம்.

பழைய தென்னார்க்காட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியரான ஆங்கிலேயர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களிடம் வினாப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊருக்குப் போய் நிலம், கூலி, கடன், கால்நடை ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைத் திரட்டி வரச் சொன்னார். அப்படித் திரட்டப்பட்ட ஊர்களில் இருவேல்பட்டும் ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான் இன்னொன்று. 1918இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அவற்றைப் புத்தகமாக்கியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1936–37இல், பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் முன்னின்று அதே ஊர்களுக்கு மறுபடி ஆளனுப்பினார்கள். 1940இல் அது சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1983இல், தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்துவிட்டுச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த எஸ். குகன், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்சருடன் சேர்ந்து ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் இருவேல்பட்டுக்குத் திரும்பினார். 2010இல் அதே இதழில் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரையிலான அந்த ஊரின் நிலம், உழைப்பு, சாதி அரசியல் ஆகியவற்றின் வரலாற்றை எழுதினார்கள்.

முந்தியவர் எழுதியதைப் பிந்தியவர் எடுத்துப் படித்து, அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் தம் அட்டவணையை வைத்துப் பார்க்க முடிந்தது என்பதுதான் இதில் என்னைக் கவர்வது. ஒரு மாணவர் தம் ஊரில் எண்ணி எழுதி 1918இல் அச்சான ஏர்களும் கிணறுகளும் அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் குகனுக்குப் பயன்பட்டன. ஆய்வு என்பது இன்னொருவர் தொடர்வதற்காக விட்டுச்செல்லப்படும் பொருள் என்று எல்லோரும் எண்ணியிருந்ததால், விவரங்கள் முழுதாக, ஒரே இடத்தில் அச்சாயின.

இன்று ஓர் இளம் உதவிப் பேராசிரியர் இருவேல்பட்டுக்குப் போனால் என்ன செய்வார்? கூலி பற்றி ஒன்று, நிலக்குத்தகை பற்றி ஒன்று, நிலத்தடி நீர் பற்றி ஒன்று, பெண்களின் வேலை பற்றி ஒன்று, சுயஉதவிக் குழுக் கடன் பற்றி ஒன்று என்று ஐந்தாறு கட்டுரைகளாகப் பிரிப்பார். எல்லாவற்றுக்கும் முதல் மூன்று பக்கம் ஒன்றுபோலவே இருக்கும். அட்டவணைகள் சுருங்கும், அல்லது காணாமல் போகும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு வேறு வழியில்லாத ஏற்பாட்டை நாங்கள்தான் கட்டிவைத்திருக்கிறோம்.

கடிதக் காலத்துக்குக் கொஞ்சம் போய்வருகிறேன். 1949இல் பம்பாயில் சச்சின் சௌத்ரி தொடங்கிய ‘எகனாமிக் வீக்லி’தான் 1966இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ ஆனது. எங்கள் வட்டாரத்தில் ஈ.பி.டபிள்யூ. 1969 முதல் 2004இல் இறக்கும்வரை கிருஷ்ண ராஜ் அதன் ஆசிரியராக இருந்தார். பங்குச் சந்தை நிலவரத்தையும் மானிடவியலையும் ஒரே அட்டைக்குள் வைத்த விசித்திரமான வார இதழ் அது. எம்.என். சீனிவாஸ் மைசூர்க் கிராமத்தைப் பற்றியும், கேத்லீன் கஃப் தஞ்சைக் கிராமத்தைப் பற்றியும் 1950களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகள் அதில்தான் வந்தன. சிறிய பண்ணைகளில் ஏக்கருக்கு விளைச்சல் அதிகம் என்ற கண்டறிதலுக்கு அமர்த்தியா சென் 1962இல் அதில் எழுதிய சிறு கட்டுரை இருபதாண்டு விவாதத்துக்கு விதை போட்டது. 1970களில் இந்திய வேளாண்மையின் உற்பத்தி முறை முதலாளித்துவமா, அரை நிலவுடைமையா என்று அசோக் ருத்ராவும் உத்சா பட்நாயக்கும் இன்னும் பலரும் அதே பக்கங்களில் மோதிக்கொண்டார்கள். ஒருவர் எழுதினால், சில வாரங்களில் மற்றவரின் மறுப்பு வரும். அதற்கு மறுப்பு வரும். இவற்றில் பல இன்றைய கணக்குப்படி ‘நடுவர் மதிப்பாய்வு செய்யப்பட்டவை’, அதாவது துறையறிந்த பிறர் படித்துச் சரிபார்த்தவை, என்று நிரூபிக்க முடியாதவை. ஆசிரியர் படித்தார், தேவையானால் தமக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பினார், போட்டார்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. ஆசிரியருக்குத் தெரிந்த ஒருவர் யார் என்பதில்தான் எல்லாம் இருந்தது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, திருவனந்தபுரம், சென்னை ஆகிய ஐந்து ஊர்களின் சில நிறுவனங்களுக்குள் சுற்றிய உலகம் அது. ஆங்கிலம் கூசாமல் எழுத வந்தவர்களின் உலகம். தர்மபுரியிலோ அருப்புக்கோட்டையிலோ இருந்த கல்லூரி ஆசிரியருக்கு அந்தக் கதவு பூட்டப்படவில்லை என்றாலும், கதவு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. மதிப்பெண் முறையை இன்றைக்கும் ஆதரிக்கும் என் நண்பர்கள் இதைச் சொல்லித்தான் ஆதரிக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எனக்கு அந்தக் கதவைக் காட்டியவர் என் கைடு. 2003இல் என் ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கி, இரண்டு படிகள் தட்டச்சு செய்து, பதில் உறையில் தபால் தலை ஒட்டி, ஓர் ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து வந்த பதிலில் ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. ஒன்றரைப் பக்கத்துக்குக் கேள்விகள் இருந்தன. அவற்றில் ஒன்று, நான் ‘கைத்தறியிலிருந்து விசைத்தறிக்கு மாறியவர்கள்’ என்று குறித்தவர்கள் உண்மையில் மாறியவர்களா, அல்லது அவர்களுடைய பிள்ளைகளா என்பது. நான் அதை யோசித்ததே இல்லை. திரும்ப ஊருக்குப் போய்க் கேட்டேன். பாதிக்கு மேல் பிள்ளைகள். கட்டுரையின் வாதமே மாறிப்போனது. 2005இல் வெளிவந்தது. ஏழாண்டுகளில் எனக்கு அதுதான் ஒரே வெளியீடு, அதற்காக என்னை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை.

கட்டுரை இதழுக்குப் போவதற்கு முன் இன்னொரு கட்டமும் இருந்தது. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையமும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் ‘ஒர்க்கிங் பேப்பர்’ என்ற வரிசையை நடத்தின. முதலில் சைக்ளோஸ்டைல், பிறகு ஜெராக்ஸ். மங்கலான ஊதா எழுத்தில், ஸ்டேப்ளர் துருவேறிய அந்தத் தாள்கள் கைமாறிக் கைமாறி எங்கள் கல்லூரி வரைக்கும் வந்ததுண்டு. இன்னும் முடியாத ஆய்வை முடியாததாகவே காட்டும் துணிவு அந்த வரிசைகளுக்கு இருந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது என்பதால் அதில் பொய் சொல்லவும் அவசியம் இருக்கவில்லை.

பிறகு எண்கள் வந்தன. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் நடுவர் மதிப்பாய்வு உள்ள இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்று முனைவர் பட்ட மாணவர்களுக்கு விதித்தது. 2010இல் ஆசிரியர்களுக்கு ஏ.பி.ஐ. என்ற மதிப்பெண் அட்டவணை வந்தது. நடுவர் மதிப்பாய்வு உள்ள இதழில் ஒரு கட்டுரைக்கு 15. கருத்தரங்கத் தொகுப்பில் முழுக் கட்டுரைக்கு 10. பன்னாட்டுப் பதிப்பகத்தில் தனியொருவராக எழுதிய நூலுக்கு 50; தேசியப் பதிப்பகம் என்றால் 25; உள்ளூர்ப் பதிப்பகம் என்றால், ஐ.எஸ்.பி.என். எண் இருக்கும் பட்சத்தில், 15. அதாவது பத்தாண்டு உழைத்து ஒருவர் தமிழில் எழுதி, சென்னையிலோ நாகர்கோவிலிலோ அச்சாகும் முந்நூறு பக்க நூலும், அடுத்தவர் பத்து நாளில் எழுதும் எட்டுப் பக்கக் கட்டுரையும் தராசில் ஒரே எடை. 2018இல் அட்டவணையைத் திருத்தினார்கள்: சமூக அறிவியலில் ஒரு கட்டுரைக்கு 10, தேசியப் பதிப்பக நூலுக்கு 10, பன்னாட்டு நூலுக்கு 12, பன்னாட்டு நூலைத் தொகுத்தவருக்கு 10. ஸ்லேட்டர் தமது கிராமங்கள் நூலின் தொகுப்பாசிரியர். இன்று அவர் பணி உயர்வுக்கு விண்ணப்பித்தால் அந்த நூலுக்குப் பத்து மதிப்பெண் பெறுவார், ஆக்ஸ்ஃபோர்டைப் பன்னாட்டுப் பதிப்பகம் என்று எழுத்தர் ஏற்றுக்கொண்டால்.

இந்த அட்டவணையைச் செய்தவர்கள் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். பணி உயர்வு என்பது துறைத்தலைவரின் தயவாகவும் சாதியாகவும் பணமாகவும் இருந்த இடங்களில், எண் என்பது ஒரு பாதுகாப்பு. ஆனால் கூலியைத் துண்டுக் கணக்கில் கொடுத்தால் நெசவு எப்படி மாறும் என்பதை விசைத்தறிக் கூடத்தில் போய்ப் பார்த்தவன் நான். துண்டு அதிகமாகும், இழை நெருக்கம் குறையும்.

என் கணக்குக்கு வருகிறேன். 2011இல் நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறிகள் நிறைந்த ஓர் ஊரில் நூற்றிருபது வீடுகளைக் கணக்கெடுத்தேன். தறிக்காரர்கள் முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, அது அடையும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாமல் நிற்கும் நிலைமைதான் என் பொருள். ஒரே கட்டுரையாக எழுத வேண்டியது. ஆனால் எனக்கு அந்த ஆண்டு ஏ.பி.ஐ.யில் முப்பது மதிப்பெண் குறைந்தது. எனவே மூன்றாக்கினேன்: முன்பணமும் கூலியும் என்று ஒன்று, மகளிர் சுயஉதவிக் குழுக் கடன் என்று ஒன்று, பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது என்று ஒன்று. முதலாவது ஓரளவு நல்ல இதழில் வந்தது. இரண்டாவது ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் வந்தது. எண்ணூறு ரூபாய்ப் பதிவுக் கட்டணத்துக்கு மதியச் சாப்பாடும், இரண்டு கிலோ எடையுள்ள ஐ.எஸ்.பி.என். புத்தகமும் கொடுத்தார்கள். மூன்றாவதை ஓர் இணைய இதழ் ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஆறு நாளில் வெளியிட்டது. ஆறு நாளில் அதை இரு நடுவர்கள் படித்ததாக ஒரு சான்றிதழும் வந்தது. அந்த இணையதளம் இப்போது இல்லை.

மதிப்பெண் கிடைத்தது, பணி உயர்வும் கிடைத்தது. தொலைந்தது என்ன என்பது சில ஆண்டுகளுக்குப் பின், பழைய வினாப் படிவங்களை ஒழுங்குபடுத்தும்போதுதான் தெரிந்தது. அறுபத்து மூன்றாம் எண் வீட்டில், முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்கத்தான் மனைவி குழுக் கடன் வாங்கியிருந்தார். குழுக் கடனின் வாரத் தவணையைக் கட்டத்தான் பெரிய பையனை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தித் தறிக்கு அனுப்பியிருந்தார்கள். அவனுக்கும் ஒரு முன்பணம். மூன்று கடன்களும் ஒரே கயிறு. அந்தக் கயிற்றை நான் மூன்று இடத்தில் அறுத்து, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வோர் இதழில் விற்றிருந்தேன். முதல் கட்டுரையில் அந்த வீடு ஒரு கூலிக் குடும்பம். இரண்டாவதில் ‘நிதி உள்ளடக்கம்’ பெற்ற பெண். மூன்றாவதில் ஓர் இடைநிற்றல். மூன்றையும் சேர்த்துப் படித்தவர் உலகத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள், என்னையும் சேர்த்து.

என்னைப் போலப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது. ஹெல்சிங்கியைச் சேர்ந்த சென்யு ஷென், போ-கிறிஸ்டர் பியோர்க் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வு இல்லாமல் வெளியிடும் இதழ்களில் 2010இல் சுமார் 53,000 கட்டுரைகள் வந்தன. 2014இல் அது 4,20,000. அவர்கள் மாதிரிக்கு எடுத்துப் பார்த்த கட்டுரை ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். நமது ஏ.பி.ஐ. 2010இல் வந்தது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். எல்லாம் அதனால்தான் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. ஆனால் ஆறு நாளில் வெளியிட்ட அந்த இதழின் முகப்பில் ‘யு.ஜி.சி. விதிகளுக்கு உட்பட்டது’ என்ற வரி பெரிய எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

மானியக் குழு நோயைக் கண்டதும் பட்டியல் போட்டது. 2017 ஜனவரியில் அங்கீகரிக்கப்பட்ட இதழ்கள் என்று 38,653 பெயர்கள் வந்தன. அவற்றில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்தவை ஒரு பகுதி. புனேயில் பூஷண் பட்வர்தனும் சகாக்களும் அந்தப் பகுதியிலிருந்து 1,009 இதழ்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 34.5 விழுக்காட்டு இதழ்களுக்கு முகவரி, ஆசிரியர் பெயர் போன்ற அடிப்படைத் தகவலே சரியாக இல்லை, இன்னும் 52.3 விழுக்காட்டு இதழ்கள் பொய்யான தகவல் தந்திருந்தன அல்லது ஆசிரியர் குழுவின் தகுதி ஐயத்துக்குரியதாக இருந்தது. 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. 2019இல் ‘கேர்’ என்ற புதுப் பட்டியல் வந்தது. அது முந்தியதைவிடச் சுத்தமானது, இந்திய மொழி இதழ்களுக்கும் இடம் கொடுத்தது. உடனே இன்னொரு வியாபாரம் தொடங்கியது: பட்டியலில் உள்ள இதழின் பெயரில் போலி இணையதளம். என் மாணவி ஒருத்தி அப்படியொன்றில் நாலாயிரம் ரூபாய் இழந்தாள். 2022இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டாய வெளியீடு என்ற விதியை மானியக் குழு நீக்கியது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலையே கைவிட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டது.

ஆக, பதினாறு ஆண்டுகளில் விதி வட்டமடித்துத் தொடங்கிய இடத்தின் அருகே வந்து நிற்கிறது. பழக்கம் வரவில்லை. கட்டாயம் போன பிறகும் பல பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதியில் கட்டுரை கேட்கின்றன. 2016இல் முதன்முதலாக வெளியான கல்வி நிறுவனங்களின் தேசியத் தரவரிசை, ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற பன்னாட்டுத் தரவுத்தளங்களில் உள்ள கட்டுரைகளையே எண்ணுவதால், நிர்வாகங்கள் ‘ஸ்கோப்பஸ் பேப்பர்’ என்ற புது ரகத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டன. மாதத்துக்கு ஒருமுறையாவது என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது: தயாராக இருக்கும் கட்டுரையில் இரண்டாம் ஆசிரியர் இடம் காலி, பாதிப் பணம் இப்போது, மீதி ஏற்புக் கடிதம் வந்த பின். பேருந்தில் இடம் பிடிக்கத் துண்டு போடுவதைப் போல. தலைப்பு ஒருமுறை ‘கிராமப்புறப் பெண்களின் அதிகாரமேற்றம்’ என்றிருந்தது.

இது நம் ஊர்ப் பிழை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பணக்காரப் பல்கலைக்கழகங்களில் நோய் வேறு உருவில் இருக்கிறது. அங்கே பொருளியலாளரின் வாழ்க்கை ஐந்து இதழ்களைச் சுற்றி ஓடுகிறது. டேவிட் கார்டும் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் 2013இல் காட்டியபடி, அந்த ஐந்துக்கும் வரும் கட்டுரைகள் 1990க்கும் 2012க்கும் இடையில் ஏறத்தாழ இரட்டிப்பாயின. வெளியாகும் எண்ணிக்கையோ 1970களின் இறுதியில் ஆண்டுக்கு சுமார் 400 ஆக இருந்தது 300 ஆகக் குறைந்தது. ஏற்பு வீதம் 15 விழுக்காட்டிலிருந்து 6க்கு இறங்கியது. கட்டுரை மூன்று மடங்கு நீண்டது, ஒரு கட்டுரைக்கு 1.3 ஆக இருந்த சராசரி ஆசிரியர் எண்ணிக்கை 2.3 ஆனது. நாங்கள் கணக்கெடுப்பை நறுக்குகிறோம். அவர்கள் ஒரே கட்டுரையை ஆறாண்டு ஊதிப் பெருக்குகிறார்கள். இரண்டும் வாசகருக்காகச் செய்யப்படுபவை அல்ல.

அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாசகரை அவர்கள் வேறு வழியில் காப்பாற்றிக்கொண்டார்கள். இதழில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டுரை எஸ்.எஸ்.ஆர்.என். போன்ற இணையக் களஞ்சியங்களில் ஏறிவிடுகிறது. 1994இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஆர்.என்.னை 2016இல் எல்சவியர் என்ற வணிகப் பதிப்பகம் வாங்கியது, அந்த ஆண்டிலேயே சமூகவியலாளர்கள் எரிச்சலோடு ‘சோஷ்ஆர்க்கைவ்’ என்ற பொதுக் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் படிப்பதும் வாதாடுவதும் அங்கேதான். இதழ் வெறும் முத்திரை. நமது பழைய சைக்ளோஸ்டைல் தாளின் பேரப்பிள்ளை இது. விந்தை என்னவென்றால், அந்தத் தாளுக்குப் பழகியிருந்த நாம் இதை ஏற்கவில்லை. ‘ஏற்றினால் யாராவது திருடிவிடுவார்கள், சார்’ என்கிறார்கள் என் மாணவர்கள். மதிப்பெண் தரும் பொருளைத்தானே திருடுவார்கள்.

படிப்பதற்கான வழியும் இதே காலத்தில் கோணலாகிப்போனது. எங்கள் கட்டுரைகளைப் போட இதழுக்குப் பணம், பிறர் கட்டுரையைப் படிக்க இன்னொரு பணம். 2020 டிசம்பரில் எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் கட்டணக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தின் மீது டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தபோது, அந்தத் தளம் இல்லாமல் சிறிய ஊர்க் கல்லூரிகளில் ஆய்வே இல்லை என்று அறிவியலாளர்களோடு சமூக அறிவியலாளர்களும் நீதிமன்றம் சென்றார்கள். 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவாயிற்று. இடையில், 2024 நவம்பரில், ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது: 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள், அரசு நிர்வாகத்தில் உள்ள 6,300 நிறுவனங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்களில் பெரும் பகுதியினர் வேலை பார்க்கும் சுயநிதிக் கல்லூரிகள் முதல் கட்டத்தில் இல்லை. அவர்களிடம்தான் ஸ்கோப்பஸ் பேப்பர் கேட்டு நிர்வாகம் மாதாமாதம் சுற்றறிக்கை அனுப்புகிறது.

தமிழில் ஆய்வு எழுதுவது பற்றி ஒரு சொல். 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து நா. வானமாமலை ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பதவி இல்லாத ஒருவர், தனிப் பயிற்சிக் கல்லூரி நடத்திய வருமானத்தில் வாழ்ந்தவர். நெல்லை ஆய்வுக் குழுவின் கூட்டங்களில் கட்டுரையை வாசித்து, கேட்டவர்களின் கேள்விகளை வாங்கிக்கொண்டு, பிறகு அச்சுக்குக் கொடுப்பார்கள். நாட்டார் வழக்காறும் வரலாறும் சமூகவியலும் ஒன்றாகக் கலந்திருந்த அந்த இதழை இன்றும் தேடிப் படிக்கிறவர்கள் உண்டு. எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, தெரியாததைக் கேட்பதற்குக் கூச்சப்படாதவர்கள் நடத்திய மதிப்பாய்வு அது. பெயர் மறைத்த இரு நடுவர்கள் என்ற ஏற்பாடு இதைவிட நேர்மையானது என்று எனக்குக் கற்பித்திருக்கிறார்கள். நானும் மாணவர்களுக்கு அப்படியே கற்பிக்கிறேன், முழு நம்பிக்கை இல்லாமல்.

சென்ற ஆண்டு ஒரு காரியம் செய்தேன். ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகளே இருப்பதால் வந்த துணிச்சல் அது. முப்பது வயதில் செய்திருக்க மாட்டேன். 2011இன் நூற்றிருபது வினாப் படிவங்களையும் திரும்ப எடுத்து, மூன்று கட்டுரைகளில் சிதறியதை ஒன்றாக்கி, வீட்டு எண்களை மாற்றி, பெயர்களை நீக்கி, எல்லா அட்டவணைகளையும் முழுதாக வைத்து, தமிழில் அறுபத்து நான்கு பக்கம் எழுதினேன். ஓர் இலவசக் களஞ்சியத்தில் ஏற்றினேன். இரண்டு படிகளை ஸ்பைரல் பைண்டிங் செய்து அந்த ஊரின் ஊராட்சி அலுவலகத்திலும் நூலகத்திலும் கொடுத்துவிட்டு வந்தேன். பணி மதிப்பீட்டுப் படிவத்தில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, ‘மற்றவை’ என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பின்னணியில் தறிச் சத்தம் இல்லை; அன்று விடுமுறை. நூலகத்தில் படித்ததாகச் சொன்னார்.

‘சார், நாப்பத்தோராம் பக்கத்துல, கிழக்குத் தெருவுல முன்பணம் வாங்குன வீடு பதினேழுன்னு போட்டிருக்கீங்க. பதினேழு இல்லீங்க. இருபத்திரெண்டு. அஞ்சு வீட்டுல உங்ககிட்டச் சொல்லல.’

எந்த ஐந்து வீடு என்று கேட்டேன்.

‘அதெல்லாம் ஃபோன்ல சொல்ற விசயமுங்களா. ஒருக்கா வாங்க சார், பேசிக்கலாம்.’